மட்டி, ஏத்தன், செந்துளுவன்

திங்கள்சந்தையில் பெயிண்ட் கடைக்கு மேலே
எங்கள் அலுவலகம். ஓர் அறை, இரண்டு மேசை,
படியேறி வரும் டர்பன்டைன் வாசம்.
பதினாறு ஜிபி மடிக்கணினி ஒன்றுக்குள்
மூன்று துறைமுகம் கட்டினேன் இன்று.

முட்டம். குளச்சல். தேங்காய்ப்பட்டணம்.
கிளஸ்டர்களுக்கு அந்தப் பெயர்களையே வைத்தேன்.
மீன் ஏல விலையைப் படகுக்குச் சொல்லும் செயலி அல்லவா,
ஒரு கரை ஊமையானாலும்
மறுகரை பதில் சொல்ல வேண்டும்.
கடல்தான் எதிலும் அடங்கவில்லை.
டாக்கரின் ஒற்றை நெட்வொர்க்கைக்
கடல் என்று வைத்துக்கொண்டேன்.

ஒரே யாமல் கோப்பு. மூன்று இடத்தும் ஒரே சொல்.
முட்டத்தில் சொன்னதும் எழுந்தது.
தேங்காய்ப்பட்டணம் இமேஜ் கிடைக்கவில்லை என்றது.
வெளியே மழை. கேபிள்காரர் போனை எடுக்கவில்லை.
என்னிடம் இருந்த இமேஜையே தூக்கி
மதிலுக்கு மேலாக மரச்சீனி நீட்டுவதுபோல்
உள்ளே கொடுத்தேன், வாங்கிக்கொண்டது.
குளச்சல் மட்டும்
பென்டிங், பென்டிங், பென்டிங்.
இடம் இல்லையாம்.
பிரவுசரில் திறந்து கிடந்த இருபத்தெட்டு டேபையும்
மூடினேன், பாட்டை நிறுத்தினேன்.
விசிறியின் இரைச்சல் ஒருபடி இறங்கியது,
குளச்சலில் ஆள் நடமாட்டம் தெரிந்தது.

நடுவே ஒரு தப்பு. யாரிடமும் சொல்லவில்லை.
நிற்பது எந்தக் கரையில் என்று பார்க்காமல்
கட்டளையிட்டு
முட்டத்தில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டேன்.
நாற்பது நொடியில் திரும்ப வந்துவிட்டது என்பது
ஆறுதலா பயமா, இன்னும் தெரியவில்லை.

ஏழு மணிக்கு டெல்பின் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
எங்கள் சோதனைப் பிரிவு முழுக்க அவள் ஒருத்திதான்.
சோதனை என்றால் கொன்று பார்ப்பது.
குளச்சலை நிறுத்தினேன்.
திரையில் சிவப்பு: குளச்சல், நாட் ரெடி.
அங்கே கேட்ட கேள்விக்குத் தேங்காய்ப்பட்டணம் பதில் சொன்னது,
சாளை, கூடை ஆயிரத்து நூறு,
ஒரு நொடி தாமதம், அவ்வளவே.
"பாத்தியா?" என்றேன்.
அவள் விலையைப் பார்க்கவில்லை.
"பேரை மாத்து."
"வெறும் பேருதானே பிள்ளே."
"அதான் சொல்லுதேன். ஆன்றோ செவ்வாக்கெழம போனான்.
குளச்சலுக்கு நேரா செவப்பு வேண்டாம்."

ஆன்றோ அவள் தம்பி.

கிளஸ்டருக்குப் பெயர் மாற்ற வழியில்லை.
இடிக்க வேண்டும், திரும்பக் கட்ட வேண்டும்,
போர்ட், சான்றிதழ், மதில்மேல் கொடுத்த இமேஜ்,
எல்லாம் முதலிலிருந்து.
சொல்ல வாயெடுத்தேன்.
ஜன்னலுக்கு வெளியே, எதிர்க்கடையில்,
மழைக்குப் பிளாஸ்டிக் தாள் போர்த்திய குலைகள் தொங்கின.

மட்டி. ஏத்தன். செந்துளுவன்.

பத்தரை மணி. கரண்ட் போய் இன்வெர்ட்டரும் ஓய்ந்தது.
பேட்டரியில்
மட்டியைக் கொன்றேன், ஏத்தன் எடுத்துக்கொண்டது.
ஏத்தனைக் கொன்றேன்,
செந்துளுவன் ஒற்றைக்கு நின்று, மூச்சு வாங்கி,
சாளை விலை சொன்னது.
மூன்றையும் ஒருசேரக் கொல்லும் சோதனை
பட்டியலில் உண்டு. அதற்கு நேரே
"நாளை" என்று எழுதினேன்.
பிறகு செத்த இரண்டையும் எழுப்பினேன்.

டெல்பினுக்கு அனுப்பினேன்:
மட்டி செத்துச்சு, ஒண்ணும் ஆகல.
சிரிக்கிற முகம் ஒன்று வந்தது.
கொஞ்சம் கழித்து,
அவனுக்கு இன்னும் ரேஞ்ச் இல்ல.

அதற்கு என்ன பதில் எழுதுவது.
என் கடலில் எல்லோருக்கும் ரேஞ்ச் உண்டு,
அப்படித்தான் கட்டியிருக்கிறேன்.

பேட்டரி நாற்பது விழுக்காடு.
மூன்றும் ஓடுகின்றன.
வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்,
மூடியைத் தாழ்த்தக் கை போகவில்லை.